தினம் பார்க்கிறது கண்ணில் படணும்னா ஊரை விட்டுப் போகணுமா?

ஜூன் 9

கேள்வி: பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, இப்போ வெளிமாநிலத்தில் வேலை. போன வாரம் ஊருக்கு வந்திருந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் பஸ் ஏறினதும் ரெண்டு பக்கமும் மாடி ஜன்னல், கொடியில் காயும் துணி, தண்ணித் தொட்டி எல்லாம் கைக்கெட்டுற தூரத்தில் வந்துச்சு. அசந்துட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, இதே ஊரில் இருக்கிறவன், "இதுல என்னண்ணே இருக்கு"ன்னுட்டான். என் கட்சி இதுதான்: பழகினதைப் புதுசாப் பார்க்கணும்னா ஊரை விட்டுப் போயே ஆகணும். உள்ளேயே கிடக்கிறவனுக்கு அந்தக் கண் வராது. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

ஜூன் 9, ராத்திரி

மறுக்கிறேன்.

நான் இந்தச் சீமையை விட்டு வெளியே குடியிருந்ததே கிடையாது. பிழைப்பு, வாய்க்கால் குளங்களுக்கு லெவல் எடுக்கிறது, அதாவது எந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம்னு அளக்கிறது. சேர்ந்த புதுசில் கையில் கொடுத்தது பழைய டம்பி லெவல்ங்கிற குழாய்க் கருவி. அதில் கண்ணை வெச்சா உலகம் தலைகீழாத்தான் தெரியும். ஸ்டாப், அதாவது எண் போட்ட அளவுக் கம்பு, பிடிக்கிற அண்ணாச்சி வானத்தில் காலை ஊன்றித் தலை தொங்க நிப்பார். அவர் பீடி குடிச்சா புகை கீழ்நோக்கி இறங்கும். ஸ்டாப்பில் எண் மேலிருந்து கீழே கூடிக்கிட்டே வரும். இடம் வலமும் மாறும். அவர் இடப்பக்கம் சாய்ஞ்சா குழாய்க்குள்ள வலப்பக்கம் சாய்ஞ்சிருப்பார். புதுசா வந்த பையன்கள் எதிர்ப்பக்கமாக் கையைக் காட்டிக் காட்டி, அவர் ஸ்டாப்போட சேத்து வயலில் விழப்போன கதையெல்லாம் உண்டு.

வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரை சின்ன வயசிலிருந்தே நடந்த கரை. அது நேரா ஓடுறதாத்தான் என் மனசில் இருந்துச்சு. குழாயில் தலைகீழாப் பார்த்த அன்னைக்கு மரம், புல், மாடு எதுவும் மரமாகவோ மாடாகவோ தெரியலை. கரையோட விளிம்பு மட்டும் ஒரு கோடாத் தெரிஞ்சுது, அந்தக் கோடு மேடும் பள்ளமுமா அலைஞ்சுது. எங்கெங்கே மாடு இறங்கி இறங்கிக் கரை தேய்ஞ்சிருக்கோ அங்கெல்லாம் ஒரு வளைவு. கண்ணை எடுத்துட்டு நேராப் பார்த்தேன். அப்பவும் தெரிஞ்சுது. ஊரை விட்டு ஒரு அடி நான் நகரலை.

ஜூன் 10

ஏன் தலைகீழாத் தெரியணும்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. உள்ளே இருக்கிறது ரெண்டு குவி லென்ஸ். முன்னாடி இருக்கிறது பிம்பத்தைக் கவிழ்த்துப் போடும், கண்ணுப் பக்கம் இருக்கிறது அதைப் பெருசு பண்ணும், அவ்வளவுதான். நிமிர்த்தணும்னா இடையில் இன்னும் லென்ஸ் சேர்க்கணும், சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் குறையும். எண்ணைப் படிக்கிறதுக்கு நிமிர்ந்தா என்ன, கவிழ்ந்தா என்ன. அதனால் விட்டுட்டாங்க. இப்போ வர்ற ஆட்டோ லெவலில் நேராவே தெரியும். அது முதல் தடவை கைக்கு வந்தப்போ எங்களுக்கு எரிச்சல்தான். அண்ணாச்சி காலைத் தரையில் வெச்சு நிக்கிறதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு.

பழக்கம் அந்த அளவுக்குப் போகும். 1890கள்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர், உலகத்தைக் கவிழ்த்துக் காட்டுற லென்ஸை ஒரு கண்ணில் கட்டிக்கிட்டு, இன்னொரு கண்ணை மூடி வெச்சு, எட்டு நாள் வாழ்ந்து பார்த்தார். தொடக்கத்தில் தலை சுத்தல், எதை எடுக்கப் போனாலும் கை வேற பக்கம் போகுது. கடைசி நாட்களில் தடுமாற்றமில்லாம நடந்து திரிஞ்சிருக்கார். லென்ஸைக் கழட்டின பிறகு, நேரா இருக்கிற உலகத்தில் கொஞ்ச நேரம் தடுமாறியிருக்கார். கேள்வி கேட்டவர் வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்பினதும் அந்த ஊர் எப்படித் தெரியுதுன்னு பார்த்துச் சொல்லட்டும்.

ஜூன் 10, மத்தியானம்

"அப்போ தலைகீழா நின்னாப் போதுமா அண்ணாச்சி, ஊரு புதுசாயிருமா?" என்று ஒருத்தர் நக்கல்.

நிக்க வேண்டாம், குனிஞ்சாப் போதும். குறுக்குத்துறைப் படித்துறையில் பொடிசுகள் குனிஞ்சு காலுக்கு நடுவில் ஆத்தைப் பார்த்துச் சிரிக்கிறதைப் பார்த்ததில்லையா? ஜப்பானில் ஹிகாஷியாமா, அதாச்சின்னு ரெண்டு பேராசிரியர்கள் இதையே ஆராய்ச்சியாப் பண்ணி, அப்படிப் பார்க்கிறப்போ தூரத்துப் பொருள் சின்னதாவும், தூரமே சுருங்கியும் தெரியுதுன்னு நிரூபிச்சாங்க. 2016-ல் அதுக்கு இக் நோபல் பரிசு, சிரிக்க வெச்சுட்டு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிறது. வண்ணாரப்பேட்டை நடுரோட்டில் முயற்சி பண்ண வேண்டாம். மினி பஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூன் 14

நக்கலை விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன். கருவி ஒரு சாக்குதான், பெரிய மாற்றம் அதுக்கப்புறம் வந்துச்சு.

லெவல் வேலை கொஞ்ச நாள் பார்த்தவனுக்கு ஊர் தெருக்களாத் தெரியாது, சரிவுகளாத் தெரியும். திருநெல்வேலியில் ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் இருக்கிற உறவை நீங்க யோசிச்சிருக்கீங்களா? தாமிரபரணி பள்ளத்தில் ஓடுது. அதே தண்ணி பாளையங்கால்வாயில் மேட்டில் ஓடுது. மேலப்பாளையத்தில் வாய்க்கால் கரையிலிருந்து ஆத்துக்கு நடந்தா இறங்கிக்கிட்டே போவீங்க. தண்ணியை யாரும் மோட்டார் போட்டு மேலே ஏத்தலை. ரொம்பத் தூரத்துக்கு மேற்கே, பழவூர் அணைக்கட்டில் ஆத்துத் தண்ணியை ஒதுக்கி, ஆத்தை விட மெதுவான சரிவில் கூட்டிக்கிட்டு வர்றாங்க. ஆறு விறுவிறுன்னு இறங்கிரும், வாய்க்கால் பைய இறங்கும். மேலப்பாளையம் வர்றதுக்குள்ள வித்தியாசம் ஆளுயரத்துக்கு மேலே வந்துரும். அந்த உயர வித்தியாசம்தான் நஞ்சை. வாய்க்காலுக்கும் ஆத்துக்கும் நடுவில் இருக்கிற நிலமெல்லாம் பாயும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் கிடக்கிறது பாயாது. கோடகன் கால்வாய் அரியநாயகிபுரத்திலிருந்து, திருநெல்வேலிக் கால்வாய் சுத்தமல்லியிலிருந்து, எல்லாத்துக்கும் இதே கணக்கு. டவுன் நயினார்குளத்தில் தண்ணி நிக்கிதுன்னா சுத்தமல்லியில் ஒதுக்கினது வந்து நிக்கிது.

இது தெரிஞ்ச பிறகு பாளையங்கால்வாய்ப் பாலத்தை வெறும் பாலமா என்னால் தாண்ட முடியலை. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டுறேன், அது வேற விஷயம். வாய்க்கால் இப்போ பாதி சாக்கடை. ஆனாலும் சாக்கடைக்கு அடியில் அந்தச் சரிவு அப்படியே இருக்கு.

குளமும் அப்படித்தான். வெளியூர்க்காரனுக்கு ஒரு குளம்னா ஒரு குளம். இங்கே ஒண்ணு நிறைஞ்சு மறுகால் போனா அது அடுத்த குளத்துக்கு வரவு. மேலேயிருந்து கீழே ஒரு வரிசை. 2023 டிசம்பர் 17, 18-ல் மழை கொட்டினப்போ (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேலே) தண்ணி எந்தத் தெருவுக்குள்ள வந்துச்சு, எதுக்கு வரலைங்கிறதைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது தன் பழைய வழியில்தான் போச்சு, வழியில் வீடு இருந்துச்சு. புதிய பஸ் ஸ்டாண்டை வேய்ந்தான்குளத்துப் பஸ் ஸ்டாண்டுன்னு இன்னைக்கும் சொல்லுதோம், சொல்லிக்கிட்டே மழைக்காலத்தில் அங்கே ஏன் தண்ணி நிக்கிதுன்னும் கேட்டுக்கிடுதோம்.

ஜூன் 15

மேலே எழுதினதில் "ஆளுயரம்"னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு இன்ஜினியர் சண்டைக்கு வந்திருக்கார். இடத்துக்கு இடம் மாறும் ஐயா, நான் படித்துறையில் இறங்கி நின்ன கணக்கில் சொன்னேன். லெவல் புக் எடுத்துட்டு வாங்க, பேசுவோம்.

அவருக்குப் பிடிச்ச ஒண்ணு சொல்றேன். லெவல் குழாய்க்குள்ள தெரியிறது நேர்கோடு. தண்ணி நேர்கோட்டில் நிக்காது, பூமி வளைவோட வளையும். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஸ்டாப் பிடிச்சா, இந்த வளைவால் மட்டும் ஏழெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அதில் கொஞ்சத்தைக் காத்து வெளிச்சத்தை வளைச்சு ஈடு பண்ணிரும். அதனால்தான் நாங்க கிட்டக் கிட்ட வெச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே தூரத்தில் எடுப்போம், ரெண்டு பக்கப் பிழையும் கழிஞ்சிரும். வள்ளியூருக்குத் தெற்கே வெட்ட வெளியில் நின்னு இதை யோசிச்சா, சப்பட்டையான தரைன்னு நம்ம நினைக்கிறது கால்ல லேசாக் குடையும்.

ஜூன் 23

ஒரு மறுயோசனை.

நான் என்னமோ சரிவைப் பார்க்கிறவன் எல்லாத்தையும் பார்த்துட்ட மாதிரி எழுதிட்டுப் போறேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் தெருத் தெருவா லெவல் எடுத்தோம். ஸ்டாப் வைக்கக் கெட்டியான இடம் வேணும்லா, அதனால் வீட்டு வீட்டுக்கு நடைப்படியில் வெச்சு எடுத்தோம். எந்தப் படி உடைஞ்சது, எந்தப் படி சிமெண்டு, எந்தப் படியில் கருங்கல் பாவியிருக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "என்ன தம்பி, வந்ததுல இருந்து நடையவே பாத்துக்கிட்டு நிக்கியே, உள்ள ஆளு இருக்கது கண்ணுக்குத் தெரியலையோ?"ன்னு கேட்டா. அண்ணாச்சி சிரிச்ச சிரிப்பில் ஸ்டாப் ஆடிப் போச்சு. அவளே மோர் கொடுத்தா. அந்த வீட்டு நடையோட லெவல் புக்கில் இருக்கு. ஆச்சி முகம் எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு யோசிச்சா வரமாட்டேங்குது, காதில் கிடந்த பாம்படம் மட்டும் ஞாபகம் இருக்கு.

ஒரு கண் திறந்தா இன்னொண்ணு மூடிக்கிடுது. இதுக்கு மருந்து எனக்குத் தெரியாது.

ஜூலை 7

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கார். தம்பிகிட்ட மறுபடி பேசினாராம். தம்பி கேபிள் டிவி கனெக்‌ஷன் கொடுக்கிற வேலை. ஈரடுக்குப் பாலத்தில் எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு வயர் போகுது, எந்த வீட்டுக்காரர் தட்டட்டியில் ஏற விடுவார், எவர் வீட்டு ஷீட்டில் கால் வெச்சா உடையும், எந்த ஜன்னலில் குரங்கு வருது, அத்தனையும் ஒப்பிச்சிருக்கார். "அப்புறம் ஏம்ல இதுல என்ன இருக்குன்ன?"ன்னு அண்ணன் கேட்டதுக்கு, "இருக்கதுதான இருக்கு, அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?"ன்னாராம்.

இந்தத் தம்பியை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இந்த இழையில் இதுவரைக்கும் வந்ததில் உருப்படியான வார்த்தை அவருடையது. அண்ணன் கேட்டது வியப்பு. நான் இவ்வளவு நாளாப் பேசினது கவனிப்பு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு மல்லுக்கு நின்னோம். ஊரை விட்டுப் போய்ட்டு வந்தா வியப்பு வரும், அதை ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த மாடி ஜன்னலில் குரங்கு வருமான்னு அண்ணனுக்குத் தெரியாது.

ஜூலை 8

"கவனிப்பு உசத்தி, வியப்பு மட்டமா?" அப்படி நான் சொல்லலை. வயர் இழுக்கிறவனுக்கு வியப்பு வந்தா தவறி விழுவான், அவ்வளவுதான்.

ஜூலை 20

திசையன்விளைக்காரர் ஒருத்தர்: ஊரைப் புதுசாப் பார்க்கிறதுன்னா பனையேறிகளைக் கேளுங்க, தினம் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கிறவங்க.

கேட்டாச்சு. தேரிப் பக்கம் வேலைக்குப் போனப்போ பதநீர் குடிச்சுக்கிட்டே ஒரு பெரியவர்கிட்ட, மேலேயிருந்து பார்த்தா ஊர் எப்படி இருக்கும்னு நானும் ஆசையாத்தான் கேட்டேன். செம்மண் தேரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், எவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு நினைப்பு. அவர் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொன்னார்: "கண்ணு பாளைல இருக்கணும், காலு தளைநார்ல இருக்கணும். ஊரப் பாத்துக்கிட்டு நின்னா, ஊரு நம்மளப் பாக்க வந்துரும்."

எதுக்குப் பார்க்க வரும்னு விளக்கம் வேண்டாம்னு நினைக்கேன்.

அவருக்குத் தெரிஞ்சது பாளை, பதநீர் சுரக்கிற பனம்பூக் குலை. காலையும் சாயங்காலமும் ஏறிச் சீவணும். எவ்வளவு மெலிசாச் சீவணும், எந்த மரத்துப் பாளை எத்தனை நாள் சுரக்கும், எந்தக் கலயத்தில் சுண்ணாம்பு குறைஞ்சா பதநீர் புளிச்சுக் கள்ளாப் போகும், இதெல்லாம் சொன்னார். ஆண் பனை, பெண் பனை ரெண்டிலும் இறக்குவார், ருசியில் வித்தியாசம் உண்டுங்கிறார், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஊர்க்காட்சி எதுவும் அவர்கிட்ட இல்லை.

ஜூலை 21

அதே திசையன்விளைக்காரர் அடங்கலை. ராதாபுரம் பக்கம் கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடி சோம்பேறித்தனமாச் சுத்துது, வேஸ்ட்டுங்கிறார். இது விஷயத்துக்குள்ள வரும், அதனால் கணக்குப் போட்டுருவோம். இறக்கை 40 மீட்டர், நிமிஷத்துக்கு 15 சுத்துன்னு வெச்சுக்கிடுங்க. நுனி ஒரு சுத்துக்கு 250 மீட்டர் ஓடுது. நிமிஷத்துக்கு 15 தடவை. மணிக்கு 225 கிலோமீட்டர் வருது. வந்தே பாரத் அதில் பாதிதான் இங்கே ஓடுது. ரொம்பப் பெருசா இருக்கிறதால் மெதுவாத் தெரியுது, பக்கத்தில் ஒப்பிட வேற பொருளும் இல்லை. அடியில் போய் நின்னு காதை வெச்சுக் கேளுங்க, இறக்கை கீழே வர்றப்போ ஒவ்வொரு தடவையும் காத்தைக் கிழிக்கிற சத்தம் வரும். கண்ணுக்கு மெதுவு, காதுக்கு வேகம். ஆடி மாசம்தான், இப்பவே போகலாம்.

ஆகஸ்ட் 18

கொஞ்ச நாள் எழுதலை. கண்ணில் புரை, வலது கண் மட்டும் ஆபரேஷன் ஆச்சு. இந்த இழையில் எழுதினவன் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமா எதுவும் நடந்திருக்க முடியாதுன்னு மகள் போனில் சிரிக்கிறா.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் கொடியில் என் வேட்டி கிடந்துச்சு. வலது கண்ணால் பார்த்தா நீலம். வெள்ளையில் லேசா நீலம் இல்லை, ஆகாசக் கலர். இடது கண்ணால் பார்த்தா பழுப்பு, டீயில் முக்கி எடுத்த கலர். மாத்தி மாத்தி மூடித் திறந்து பார்த்தேன். ஒரே வேட்டி, ஒரே வெயில். வீட்டம்மா பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தவ சொன்னா: "எத்தன வருசமா நீலம் பத்தல, நீலம் பத்தலன்னு என்னைப் படுத்துனீய. பாட்டில் பாட்டிலா வாங்கி ஊத்துனேன். இப்பம் பாத்துக்கிடுங்க."

விஷயம் இதுதான். வயசாக ஆகக் கண்ணோட லென்ஸ் மஞ்சளடிக்கும். மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தை உள்ளே விடாமத் தடுத்துரும். மெதுவா, வருஷக் கணக்கில் நடக்கிறதால் நமக்குத் தெரியவே தெரியாது. ஊரே கொஞ்சம் கொஞ்சமாப் பழுப்பாகிட்டு வந்திருக்கு, ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. பழைய லென்ஸை எடுத்துட்டுப் புதுசு வெச்சதும் நீலம் கொட்டுது. பொதிகை மலை அவ்வளவு நீலமா இருக்கும்னு மறந்தே போயிருந்துச்சு. அடுப்புத் தீயில் நீலம் தெரியுது. நெல்லையப்பர் கோயில் வாசலில் பூக்கட்டுறவ வெச்சிருந்த கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் ஊதாப் பூ கிடந்துச்சு, நின்னு பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, வீட்டுக்கு வேணுமா?"ங்கிறா. ரெண்டு முழம் வாங்கிட்டேன், வேற என்ன சொல்ல.

இதுதான் அந்தப் பாளையங்கோட்டைத் தம்பி ஆச்சரியப்பட என்ன இருக்குன்ன ஆச்சரியம். எனக்கு வேலை எதுவும் செய்யாமலே, கருவி எதுவும் பிடிக்காமலே வந்துச்சு. என் ஜூன் மாசத்து வாதத்தில் இது எங்கே உட்காரும்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

செப்டம்பர் 15

நீலம் போச்சு. வேட்டி வெள்ளையாயிருச்சு. வலது கண்ணுக்கே வெள்ளை. இடது கண்ணை மூடினாலும் வெள்ளை. ஒரு மாசம்கூட முழுசாத் தாங்கலை. மூளை கணக்கை மாத்தி எழுதிக்கிடுது.

வலது, இடதுன்னு மாத்தி மாத்தி மூடிப் பார்த்தா மட்டும் வித்தியாசம் இன்னமும் இருக்கு. அடுத்த கண்ணும் ஆபரேஷன் ஆகிட்டா அதுவும் போயிரும். டாக்டர் சீக்கிரம் வாங்கங்கிறார், நான் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கேன். இதை வீட்டில் சொல்லலை.

செப்டம்பர் 16

இது கண்ணோட குணமா மூளையோட குணமான்னு கேட்டவருக்கு: ரெண்டும். மாறாம நிக்கிறது எதுவானாலும் காணாமப் போகும், அது அடிமட்டத்திலிருந்தே அப்படித்தான். உங்க விழித்திரைக்கு முன்னாடி ரத்தக்குழாய்கள் மரக்கிளை கணக்காப் படர்ந்து கிடக்கு. அதோட நிழல் நேரம் முழுக்கக் கண்ணுக்குள்ள விழுது. உங்களுக்குத் தெரியுதா? கண்ணோடு சேர்ந்தே அசையிறதால் தெரியாது. பார்க்கணும்னா, ராத்திரி இருட்டு ரூமில் கண்ணை மூடிக்கிட்டுச் சின்ன டார்ச்சை இமையோட ஓரத்தில் வெச்சு மெதுவா ஆட்டுங்க. நிழல் விழுற இடம் மாறுறதால் கிளை கிளையாத் தெரியும். புர்கின்யே என்கிற செக் நாட்டு விஞ்ஞானி 200 வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்சது. சின்ன டார்ச்னு சொல்லியிருக்கேன். வெள்ளாமைக் காவலுக்குக் கொண்டு போற பெரிய லைட்டை எடுத்துட்டு வராதீய.

கண்ணே சும்மா நிக்காது. நீங்க ஒண்ணை முறைச்சுப் பார்க்கிறதா நினைச்சாலும் அது நுணுக்கமா ஆடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்த ஆட்டத்தைக் கருவி வெச்சு ஈடுகட்டிப் பிம்பத்தை ஒரே இடத்தில் நிறுத்தினா, சில நொடியில் காட்சி மங்கி மறைஞ்சிருதுன்னு சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. ஆக, தம்பி பாலத்தைப் பார்த்து அசராததுக்கு அவரைக் குத்தம் சொல்லக் கூடாது. அவர் கண்ணு ஒழுங்கா வேலை செய்யுது.

அக்டோபர் 27

மகள் பிரசவத்துக்கு வீட்டம்மா கோயம்புத்தூர் போயிருக்கா. அடுப்படி என் பொறுப்பு. இவ்வளவு காலம் தண்ணி குடிக்கப் போயிருக்கேன், காபி வாங்க நின்னுருக்கேன். இப்போதான் உள்ளே போறேன்.

உப்பு மரவை அடுப்புக்கு இடப்பக்கம் இருந்துச்சு. எனக்கு வலது கைப்பழக்கம், அவளுக்கும் வலதுதான், இது ஏன் இடப்பக்கம்னு எடுத்து வலப்பக்கம் வெச்சேன். ரெண்டாவது நாளே புரிஞ்சுது. வலது கையில் கரண்டி கிண்டிக்கிட்டே இருக்கும், உப்பு போடுறது இடது கை. கரண்டியை வெச்சுட்டு உப்பை எடுக்கப் போன நேரத்தில் பூண்டு தீஞ்சுது. மரவை இடப்பக்கம் திரும்பிப் போயிருச்சு. அஞ்சறைப்பெட்டியில் கடுகும் உளுந்தும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருக்கு, வெந்தயம் அதுக்கு எதிர்ப்பக்கம், தாளிக்கிற வரிசையில். அலமாரியில் தினம் எடுக்கிறது அவ தோள் உயரத்தில், மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிறது அதுக்கு மேல. என் தோளுக்கு அது குனியிற உயரம். முதுகு பிடிச்சுக்கிட்டு நின்னப்போதான், இந்த அடுப்படிக்கு ஒரு பெஞ்ச் மார்க் (எல்லா உயரத்தையும் எதிலிருந்து அளக்கிறோமோ அந்த நிலையான குறி) இருக்கு, அது அவ தோள்னு விளங்கிச்சு.

உளுந்தம்பருப்புச் சோறு வைக்கப் போனில் வழி கேட்டேன். தொலி உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாம் சொல்லிட்டு, தண்ணி "அரிசிக்கு மேல ஒரு விரக்கட்டை"ன்னா. எத்தனை டம்ளர்னு கேட்டேன். டம்ளர்லாம் தெரியாது, விரலை விட்டுப் பாருங்கன்னு வெச்சுட்டா. யோசிச்சுப் பாருங்க. அரிசி மட்டத்தில் விரல் நுனி, தண்ணி மட்டம் விரல் கணுவில். ரெண்டு மட்டத்துக்கும் வித்தியாசம். நான் சம்பளம் வாங்கிக்கிட்டுச் செஞ்ச வேலையை அவ தினம் ரெண்டு வேளை பானைக்குள்ள செஞ்சுக்கிட்டிருந்திருக்கா. எள்ளுத் துவையல் கடையில் வாங்கிட்டேன், அம்மியில் அரைக்கிற அளவுக்கு இன்னும் ஞானம் வரலை.

அக்டோபர் 28

"பொண்டாட்டி ஊருக்குப் போனாத்தான் அடுப்படி தெரியுது, அப்போ ஊரை விட்டுப் போனாத்தான் தெரியும்ங்கிற கட்சி ஜெயிச்சாச்சு"ன்னு கேள்வி கேட்டவர் துள்ளுறார். போனது அவ ஐயா. தெரிஞ்சது எனக்கு. கரண்டி என் கைக்கு வந்ததால் தெரிஞ்சுது.

பாதி ஜெயிச்சீங்கன்னு வேணா வெச்சுக்கிடுங்க.

நவம்பர் 24

பேத்தி பிறந்திருக்கா. கோயம்புத்தூர் போய்ட்டு வந்தேன். வந்து ஜங்ஷனில் இறங்கினதும் எதாவது புதுசாத் தெரியுதான்னு இந்த இழைக்காகவே சுத்திச் சுத்திப் பார்த்தேன். பிளாட்பாரத்து மஞ்சள் போர்டில் ஊர் பேருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கிறதை எத்தனை பேர் படிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். அது லெவல்காரன் புத்தி, அங்கே போகாமலே வந்திருக்கும். மத்தபடி பசி.

டிசம்பர் 8

தனி மடலில் ஒருத்தர், புது வீட்டு அங்கணத்தில் தண்ணி ஓடாம நிக்குது, கொத்தனார் சரியாத்தான் இருக்குங்கிறார், எப்படிப் பார்க்கணும்னு கேட்டிருக்கார். எல்லாருக்கும் உதவும்னு இங்கேயே எழுதுறேன்.

கொத்தனார் வெச்சிருக்கிற டியூப் மட்டம்தான், கடையில் கண்ணாடி மாதிரித் தெரியிற டியூப் நாலஞ்சு மீட்டர் வாங்கிக்கிடுங்க. தண்ணி நிரப்பினதும் உள்ளே குமிழ் நிக்கிதான்னு பாருங்க, நின்னா விரலால் சுண்டி மேலே ஏத்தி வெளியேத்துங்க. ஒரு குமிழ் இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ரெண்டு முனையும் திறந்திருக்கணும், கட்டை விரலால் மூடிக்கிட்டே பார்க்கிற ஆட்கள் இருக்காங்க. ஒரு முனையை ஓட்டைப் பக்கத்துச் சுவரிலும் இன்னொண்ணை எதிர்ச் சுவரிலும் பிடிச்சு, தண்ணி நிக்கிற இடத்தில் ரெண்டு பக்கமும் பென்சில் கோடு போடுங்க. கோட்டிலிருந்து தரைக்கு அளந்தா ஓட்டைப் பக்கம் அளவு கூட வரணும். பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் இருந்தா நல்லா ஓடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தா, டைல்ஸ் மேல வேற வேலை பண்ணாதீங்க, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டுங்க. கோட்டை அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கிடுங்க.